பதினான்கு எட்டு

எங்கள் தெருவின் நடுவே ஒரு மஞ்சள் கோடு.
கிழக்கே ஹாலம், நான் குடியிருப்பது.
மேற்கே நார்வேல்.
ஹாலத்தில் இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது,
நார்வேலில் பதினொன்றுக்கு.
என் வாசலிலிருந்து அந்த ஒரு மணி நேரத்துக்குப்
பதினான்கு எட்டுத் தூரம்.

விடிகாலை நாலேகாலுக்கு
முதல் பேருந்தை எடுப்பவள் நான்.
ஒன்பதரைக்குப் படுத்தால்தான்
ஸ்டியரிங்கில் தலை சாயாது.

பக்கத்து வீட்டு ஆர்விட் ஸ்கோக் படகு கட்டுகிறார்,
இரண்டு குளிர்காலமாக.
ஒன்பது ஐம்பத்தெட்டு வரை தன் கராஜில் இழைப்பார்.
பிறகு படகை டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு
கோட்டைக் கடந்து
மைத்துனர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி
பதினொன்று வரை மறுபடியும்.
இன்னும் தண்ணீரைக் காணாத படகு
இரவுதோறும் ஓர் எல்லையைக் கடந்துவிடுகிறது.

புகார் சொன்னேன்.
ஹாலம் அதிகாரி சொன்னார்:
"சத்தம் நார்வேலில் பிறக்கிறதே, மேடம்."
நார்வேல் அதிகாரி சொன்னார்:
"அது ஹாலத்தில்தானே வந்து விழுகிறது."
இரண்டு பேருமே தன்மையானவர்கள்.
அந்தத் தன்மைக்கு நடுவில்
மரம் கடிக்கும் எந்திரம்.

இரண்டு ஊர் விதிகளையும் அச்செடுத்துச்
சமையலறை மேசையில் அருகருகே விரித்தேன்.
ஹாலத்தில் ஐம்பது டெசிபெல்,
மனையின் விளிம்பில் நின்று அளக்க வேண்டும்.
நார்வேலில் ஐம்பத்தைந்து,
புகார் கொடுத்தவரின் சன்னலைத் திறந்துவைத்து.
ஜனவரியில் யார் திறப்பார்கள் சன்னலை?
நாய் குரைத்தால் ஹாலம்காரர்கள்
பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.
நார்வேலில்,
"நியாயமான மனிதர் ஒருவருக்கு எரிச்சல் வரும் வரை."

அந்த நியாயமான மனிதரைப் பற்றி
வெகுநேரம் யோசித்தேன்.
ஒன்பதாயிரம் பேர் உள்ள ஊரில்
எந்தத் தெருவில், எந்த மெத்தையில்
காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்?
எரிச்சல் வந்ததும் யாருக்குச் சொல்லி அனுப்புவார்?

தேவாலய மணிக்கு இரண்டு ஊரிலும் விலக்கு.
பனி வாரும் வண்டிக்கும்.
கடவுளையும் பனியையும்
ஒரே வரியில் மன்னித்திருந்தார்கள்.

சிவப்புப் பேனாவால் ஆர்விட்டின் குற்றங்களை
அடிக்கோடிட்டுக்கொண்டே போனேன்.
ஹாலம், பதினான்காம் பக்கம்:
காலை ஆறு மணிக்கு முன்
நின்ற இடத்தில் வண்டியின் எஞ்சின்
மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடலாகாது.

பேனா அங்கேயே நின்றது.

மூன்றரை மணி. மைனஸ் இருபது. என் கார்.
கால் மணி நேரம் உறுமினால்தான்
கண்ணாடியை விடும் பனி.
பின்பக்கக் குழாயோ
நேராக ஆர்விட்டின் படுக்கையறையைப் பார்த்து.
பதினோரு குளிர்காலம்.

நகராட்சிக்குப் போன் செய்தேன்.
என் முகவரியின் பேரில் புகார் உண்டா?
அந்தப் பெண் இரண்டு முறை தேடிவிட்டுச் சொன்னாள்:
இல்லை. ஒன்றுகூட இல்லை.
ஏன், ஏதாவது பிரச்சினையா?

இன்று மூன்று இருபத்தைந்துக்கு
காரை நியூட்ரலில் போட்டு,
கதவைத் திறந்து பிடித்துத் தோளால் தள்ளினேன்.
சரிவு வரை வந்தது.
நடுத்தெருவில் நின்றுவிட்டது.
பனிக்கு அடியில் எங்கேயோ மஞ்சள்.
ஒரு முழ அகலம்கூட இல்லாத அந்தக் கோடு
எந்த ஊருடையது என்று
இரண்டு புத்தகத்திலும் இல்லை.

திடீரென்று கார் இலேசானது.
திரும்பிப் பார்த்தேன்.
இரவு அங்கியும் பூட்ஸுமாக ஆர்விட்,
இரண்டு கையும் டிக்கியின்மேல்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
எங்கள் மூச்சு மட்டும் இரைந்தது,
எத்தனை டெசிபெலோ.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்
சாவியைத் திருப்பினேன்.
முதலில் ஓர் இருமல். பிறகு உறுமல்.

மைத்துனர் வீட்டு மாடியில்
விளக்கு எரிந்தது.
ஒருவேளை அவர்தானோ,
அந்த நியாயமான மனிதர்.